ஃபப்ரிசியோ வெர்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த வெர்டும்?

பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் போர்ட்டோ அலெக்ரே நகரத்துக்காரர். 1977 ஜூலை 30 அன்று பிறந்தவர். ஆறடி நாலங்குல உயரம், அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட் வீரர். எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டைப் பிரிவு உலக சாம்பியன், அடி இல்லாமல் பிடிகளால் மட்டும் மோதும் கிராப்ளிங் உலகின் பெரிய மேடையான ஏடிசிசியில் தங்கம் வென்றவர், பிறகு குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையின் பெரிய அமைப்பான யூஎஃப்சியின் ஹெவிவெயிட் சாம்பியன். இந்த மூன்றையும் ஒரே ஆள் சாதிப்பது அபூர்வம்.

ஆனால் பட்டங்களைவிட மூன்று பெயர்களைச் சொன்னால் அவர் யாரென்று சட்டென்று புரியும். ஃபெடோர் எமெலியானென்கோ, அந்தோனியோ ரோட்ரிகோ நோகெய்ரா, கேன் வெலாஸ்கேஸ். ஹெவிவெயிட் வரலாற்றில் சிறந்தவர்கள் யார் என்று யாரைக் கேட்டாலும் இந்த மூவரும் பட்டியலில் இருப்பார்கள். மூவரையும் பிடியில் சிக்கவைத்துச் சரணடையச் செய்தவர் வெர்டும் ஒருவர்தான்.

ஜியு-ஜிட்சு பக்கம் எப்படி வந்தார்?

அவர் பல பேட்டிகளில் சொன்ன கதைதான். இளவயதில் தன் காதலியின் முன்னாள் காதலனோடு கைகலப்பு. அந்த ஆளுக்கு ஜியு-ஜிட்சு தெரியும். வெர்டுமைக் கால்களுக்கு நடுவில் இழுத்து, கால்களால் கழுத்தை இறுக்கும் ட்ரையாங்கிள் சோக் போட்டு மூச்சுத் திணற வைத்துவிட்டான். வெர்டும் ஜியு-ஜிட்சு கற்கச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பின்னாளில் ஃபெடோரை வீழ்த்தியதும் அதே ட்ரையாங்கிளால்தான்.

கறுப்புப் பட்டை கொடுத்தவர் சில்வியோ பெரிங். இடையில் சில காலம் ஸ்பெயினில் வாழ்ந்தார், அங்கே ஜியு-ஜிட்சு சொல்லிக்கொடுத்தார். அப்போது ஒட்டிக்கொண்ட ஸ்பானிஷ் மொழி பிற்காலத்தில் பெரிதும் கைகொடுத்தது. யூஎஃப்சியின் ஸ்பானிஷ் ஒளிபரப்பில் வர்ணனையாளராக உட்கார்ந்தார், மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

எம்எம்ஏவை விட்டுவிடுங்கள். வெறும் கிராப்ளிங்கில் என்ன சாதித்தார்?

2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கறுப்புப் பட்டைப் பிரிவில் உலக சாம்பியன். இது கீ எனப்படும் சீருடை அணிந்து ஆடும் போட்டி. எதிராளியின் காலரையும் கைப்பகுதியையும் பிடித்து இழுக்கலாம்.

ஏடிசிசி வேறு மாதிரி. அபுதாபியில் 1998இல் தொடங்கிய போட்டி. சீருடை கிடையாது, பிடிக்கத் துணியும் கிடையாது. வியர்வையில் வழுக்கும் உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். எம்எம்ஏவுக்கு மிக நெருக்கமான கிராப்ளிங் இதுதான். இதில் 99 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் 2007இலும் 2009இலும் தங்கம்.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த இரண்டு தங்கங்களையும் அவர் வென்றது எம்எம்ஏவில் முழுநேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில். அடி வாங்கிய முகத்தோடு பயிற்சிக்குத் திரும்பி, கிராப்ளிங்கை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களோடு மோதி ஜெயிப்பது லேசான காரியம் இல்லை. இந்த இரண்டு தங்கங்களுக்கு இன்னும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கீழே மல்லாந்து கிடப்பவர் தோற்றுக்கொண்டிருப்பவர்தானே?

மல்யுத்தத்தில் ஆமாம், முதுகு தரையில் பட்டால் கதை முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் அப்படி இல்லை. மல்லாந்திருப்பவரின் கால்கள் மேலே இருப்பவரின் இடுப்பைச் சுற்றியோ அவருக்கு முன்னாலோ இருந்தால், அந்த நிலைக்குப் பெயர் கார்டு. அங்கிருந்து தாக்கலாம்.

ட்ரையாங்கிளை எடுத்துக்கொள்வோம். மேலே இருப்பவர் குத்துவதற்காக ஒரு கையை உள்ளே நீட்டுகிறார், மற்ற கை வெளியே இருக்கிறது. கீழே இருப்பவர் ஒரு காலை அவர் கழுத்துக்குப் பின்னால் போட்டு, அந்தக் கணுக்காலை மற்றொரு முழங்காலின் மடிப்பில் பூட்டிவிடுகிறார். கழுத்தின் ஒரு பக்க ரத்தக்குழாயைத் தொடை அழுத்துகிறது, மறுபக்கத்தை மாட்டிக்கொண்டவரின் சொந்தத் தோளே அழுத்துகிறது. மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டு, சில நொடிகளில் மயக்கம் வந்துவிடும். அதற்குள் தட்டிவிட வேண்டும். தட்டினால் சரணடைந்ததாக அர்த்தம்.

வெர்டுமின் கால்கள் நீளம், இடுப்பு நல்ல வளைவு. ஹெவிவெயிட்டில் பலர் மல்லாந்து விழுந்தால் எழுந்திருக்கவே தடுமாறுவார்கள். இவர் அங்கே விழுந்த பிறகுதான் ஆபத்தானவர்.

ஜப்பானில் ப்ரைடு காலத்தில் எப்படி இருந்தார்?

ஏறுமுகம்தான், ஆனால் உச்சிக்குப் போகவில்லை. குரோஷியாவின் மிர்கோ குரோகோப்புக்குத் தரைச்சண்டை சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராக இருந்தபடியே ஜப்பானின் எம்எம்ஏ அமைப்பான ப்ரைடில் களமிறங்கினார். 2006 மே மாதம் அலிஸ்டர் ஓவரீமைக் கையை முறுக்கும் கிமுரா பிடியால் தட்டவைத்தார். ஜூலையில் நோகெய்ராவிடம் புள்ளிகளில் தோற்றார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் திரும்ப வருவார்கள்.

2008இல் யூஎஃப்சி அவரை வெளியே அனுப்பியது ஏன்?

2007இல் யூஎஃப்சிக்கு வந்தவர் முதல் சண்டையில் ஆண்ட்ரே அர்லோவ்ஸ்கியிடம் புள்ளிகளில் தோற்றார். அடுத்து கேப்ரியல் கொன்சாகா, பிராண்டன் வெரா இருவரையும் வீழ்த்திப் பட்டத்துக்கு அருகில் வந்துவிட்டார். அக்டோபர் 2008இல் யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஓர் இளம் பிரேசிலியரை எதிரே நிறுத்தினார்கள். அவர் கீழிருந்து மேலாக விட்ட ஒரு அப்பர்கட் குத்து வெர்டுமின் தாடையில் விழுந்தது. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, சண்டை முடிந்துவிட்டது.

அந்த இளைஞர்தான் ஜூனியர் டோஸ் சாண்டோஸ். மூன்று ஆண்டுகளில் அவரே யூஎஃப்சி சாம்பியன் ஆனார். ஆனால் அந்த இரவில் அது யாருக்குத் தெரியும்? வெர்டும் வெளியே அனுப்பப்பட்டு, ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற போட்டி நிறுவனத்துக்குப் போனார்.

ஃபெடோர் சண்டையில் அந்த 69 நொடிகளில் என்னதான் நடந்தது?

2010 ஜூன் 26, கலிபோர்னியாவின் சான் ஹோசே. ஃபெடோர் அதுவரை தோற்றதாகக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு முறை. 2000 டிசம்பரில் வெட்டுக்காயத்துக்காக நிறுத்தப்பட்ட சண்டை அது. அதன்பின் ஒன்பதரை ஆண்டுகளாக யாராலும் அசைக்க முடியவில்லை. நோகெய்ரா, குரோகோப், கோல்மன் என்று எல்லோரும் முயன்று பார்த்துவிட்டார்கள்.

தொடங்கிய சில நொடிகளில் ஃபெடோரின் குத்து பட்டு வெர்டும் மல்லாந்து விழுகிறார். ஃபெடோருக்கு வழக்கமான காட்சி இது. எதிராளி விழுந்தால் மேலே பாய்ந்து இடிபோல் குத்துவார், அப்படித்தான் எத்தனையோ பேரை முடித்திருக்கிறார். பாய்கிறார். வெர்டுமின் கால்கள் உடனே கழுத்தையும் கையையும் தேடி மேலே வருகின்றன. முதல் முயற்சியிலிருந்து ஃபெடோர் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்.

அங்கேதான் எல்லாம் தீர்மானமானது. பின்வாங்கி, நடுவரிடம் எழுப்பச் சொல்லியிருக்கலாம். ஃபெடோர் மறுபடியும் உள்ளே குதித்தார். இந்த முறை கால்பூட்டு முழுசாக விழுந்தது. கழுத்தில் ட்ரையாங்கிள், கூடவே மாட்டிய கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் ஆர்ம்பார். கழுத்தைக் காப்பாற்ற நினைத்தால் முழங்கை போகும், முழங்கையை இழுத்தால் கழுத்து இறுகும். ஃபெடோர் தட்டினார். கடிகாரத்தில் ஒரு நிமிடம் 9 நொடி.

வேண்டுமென்றே விழுந்தாரா?

விழுந்தது நடிப்பா, அடியின் பலனா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என் பார்வையில் அது பெரிய கேள்வியே இல்லை. குத்து பட்டது நிஜம், அவர் உடம்பு விழுந்த விதத்தில் பதற்றமே இல்லாததும் நிஜம். முதுகு தரையைத் தொட்ட கணத்திலேயே கால்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் அது வராது.

அப்படியானால் அதே உத்தியை எல்லோரிடமும் காட்டியிருக்கலாமே?

முயன்றார். அதுதான் அவருடைய மிக மோசமான இரவுக்குக் காரணமாயிற்று.

ஃபெடோர் வெற்றிக்குப் பிறகு முழங்கை அறுவை சிகிச்சையால் ஏறக்குறைய ஓராண்டு ஓய்வு. 2011 ஜூன் 18, டல்லஸ் நகரில் ஓவரீமோடு மறுமோதல். ஓவரீம் இப்போது பெரும் உடம்போடு உலகையே பயமுறுத்தும் ஆளாக வளர்ந்திருந்தார். ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன் தரையில் இவரிடம் தட்டியதையும், ஃபெடோருக்கு நேர்ந்ததையும் அவர் மறக்கவில்லை.

வெர்டும் லேசான அடி பட்டாலே மல்லாந்து படுக்கிறார். இரு கைகளையும் நீட்டி "வா, வா" என்று அழைக்கிறார். ஓவரீம் நின்ற இடத்திலிருந்தே "எழுந்திரு" என்று கைகாட்டுகிறார். நடுவர் எழுப்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் படுக்கிறார், மறுபடியும் அழைக்கிறார். கூட்டம் கூச்சல் போடுகிறது. மூன்று சுற்றும் இப்படியே போய், நடுவர்கள் ஓவரீமுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், நின்றபடி மோதிய நேரங்களில் வெர்டும் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை. கார்டு எவ்வளவு கொடிய பொறியாக இருந்தாலும், எதிராளி உள்ளே வரச் சம்மதித்தால்தான் அது வேலை செய்யும். 2010இல் உலகமே பார்த்த அந்த வெற்றி, அவருடைய பொறியை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிறகு எப்படிச் சாம்பியன் ஆனார்?

நின்று சண்டை போடக் கற்றுக்கொண்டு. வெர்டும் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், 69 நொடிகளைவிடவும்.

பயிற்சியாளர் ரஃபேல் கோர்டெய்ரோ. குரிச்சிபாவின் சூட் பாக்ஸ் கூடத்தில் வாண்டர்லே சில்வா, மவுரிசியோ ஷோகுன் போன்றவர்களை உருவாக்கியவர். பின்பு கலிபோர்னியாவில் கிங்ஸ் எம்எம்ஏ என்ற கூடத்தைத் தொடங்கினார். அவரிடம் வெர்டும் பழகிய தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாய் 2012இல் முழுசாக வெளியே வந்தது. யூஎஃப்சிக்குத் திரும்பிய முதல் சண்டையில் ராய் நெல்சனின் கழுத்தை இரு கைகளாலும் பூட்டி இழுத்து முழங்காலால் மாற்றி மாற்றி இடித்தார். நெல்சன் முகமெல்லாம் ரத்தம். பார்த்தவர்களுக்கு ஆச்சரியம், இது அந்தப் படுத்துக்கொள்ளும் வெர்டும்தானா என்று.

கணக்கு என்ன தெரியுமா? நின்று அடிப்பதில் பயமுறுத்தினால் எதிராளிக்கு வேறு வழி இல்லாமல் போகும், அவரே தரையைத் தேடி வருவார். தரையில் யார் காத்திருக்கிறார்? மேலும், விழுந்தாலும் கவலை இல்லை என்பதால் வெர்டும் தயங்காமல் உதைக்கலாம், பாய்ந்து முழங்கால் வீசலாம். மற்ற ஹெவிவெயிட்கள் உதைத்த காலை எதிராளி பிடித்துக் கீழே தள்ளிவிடுவாரோ என்று அஞ்சுவார்கள். இவரிடம் அந்த அச்சமே இல்லை.

2014 ஏப்ரலில் டிராவிஸ் பிரவுனை ஐந்து சுற்றுகளில் பெரும்பாலும் நின்றபடி அடித்து ஜெயித்தபோது மாற்றம் முழுமையாகிவிட்டது.

நோகெய்ராவுக்குப் பதிலடி எப்போது?

2013 ஜூன் 8, பிரேசிலின் ஃபோர்த்தலேசா. நோகெய்ரா ப்ரைடின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன், ஹெவிவெயிட்டில் கார்டிலிருந்து ஜெயிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர். வெர்டும் நடந்த பாதையை முதலில் வெட்டியவரே அவர்தான். பிரேசில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இருவரும் எதிரெதிர் அணிகளின் பயிற்சியாளர்களாக இருந்துவிட்டு மோதினார்கள். இரண்டாம் சுற்றில் ஆர்ம்பார். நோகெய்ராவால் கையால் தட்ட முடியவில்லை, வாயால் சொல்லித்தான் சரணடைந்தார். ஏழு ஆண்டுக் கடன் தீர்ந்தது. ஆனால் பார்க்கும்போது மனசு கனத்தது என்பதையும் சொல்லவேண்டும். நோகெய்ராவின் உடம்பு அப்போதே தளர்ந்துபோயிருந்தது.

மெக்சிகோ நகரச் சண்டையில் வெலாஸ்கேஸ் தோற்றது உயரத்தால்தான் என்கிறார்களே?

பாதி உண்மை. முதலில் பின்னணி. 2014 நவம்பரில் மெக்சிகோ நகரில் இருவரும் மோத வேண்டியது. வெலாஸ்கேஸுக்கு முழங்காலில் காயம். அவருக்குப் பதில் மார்க் ஹண்ட் வந்தார், இடைக்காலப் பட்டத்துக்கான சண்டையாக அது மாறியது. ஹண்டின் குத்து பட்டு வெர்டும் முதல் சுற்றில் தரைக்குப் போனார். இரண்டாம் சுற்றில் பாய்ந்து வீசிய முழங்கால் ஹண்டைச் சாய்த்தது.

முழுப் பட்டத்துக்கான மோதல் 2015 ஜூன் 13 அன்று அதே நகரில். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. சமவெளியிலிருந்து வருபவரின் உடம்பு அதற்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். இது தெரிந்த வெர்டும் வெகு முன்பே வந்து, நகரத்தைவிட உயரமான மலைப்பகுதியில் முகாம் போட்டுப் பயிற்சி எடுத்தார். வெலாஸ்கேஸ் வந்தது சண்டைக்கு இரண்டு வாரம் முன்பு. அதோடு ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் சண்டையே போடவில்லை.

முதல் சுற்றில் வெலாஸ்கேஸ் வழக்கமான வேகத்தில் வந்தார். இரண்டாம் சுற்றில் வாய் திறந்துவிட்டது, வெர்டுமின் நேர்க்குத்தும் முழங்காலும் முகத்தைச் சிதைத்தன. மூன்றாம் சுற்றில் நின்று அடிவாங்க முடியாமல் வெலாஸ்கேஸ் காலைப் பிடிக்கப் பாய்ந்தார். தலை நேராக வெர்டுமின் அக்குளுக்குள் வந்தது. கழுத்தைக் கையால் சுற்றி இறுக்கும் கில்லட்டின் பூட்டு. 2 நிமிடம் 13 நொடியில் தட்டினார்.

உயரம் எல்லோருக்கும் ஒரே உயரம்தான். ஒருவர் அதை மதித்துத் தயாரானார், மற்றவர் தேவையான அளவு ஆகவில்லை. அதைச் சாக்காகச் சொல்வது வெர்டுமின் உழைப்பைக் குறைப்பதாகும். மேலும், தளர்ந்துபோன ஒரு சாம்பியன் எந்தப் பக்கம் ஓடுவார் என்று முன்கூட்டியே தெரிந்து, அங்கே கழுத்தைப் பிடிக்கக் காத்திருந்த திறமைக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பட்டத்தை எவ்வளவு காலம் வைத்திருந்தார்?

ஓராண்டுகூட இல்லை. 2016 மே 14, குரிச்சிபாவின் கால்பந்து மைதானம், 45,000க்கும் மேற்பட்ட சொந்த நாட்டுக் கூட்டம். பின்வாங்கிக்கொண்டிருந்த ஸ்டீபே மியோசிச்சை விரட்டிக்கொண்டு, காப்பு இல்லாத முகத்தை முன்னே நீட்டியபடி ஓடினார். மியோசிச் பின்னால் போய்க்கொண்டே ஒரு வலதுகைக் குத்தை விட்டார். முதல் சுற்றிலேயே முடிந்தது. ஆறு ஆண்டு முன் ஃபெடோர் செய்த அதே பிழை, எதிராளியின் ஆயுதத்தை நோக்கி அவசரமாகப் பாய்வது.

ஊக்கமருந்து விவகாரம்?

2018 ஏப்ரலில் எடுத்த சோதனையில் ட்ரென்போலோன் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுத் தடை. இதை மழுப்ப முடியாது, அவர் பெயருக்குப் பக்கத்தில் இது நிற்கத்தான் செய்யும். அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் அதற்கு முந்தையவை என்பதும் உண்மை. அந்த உண்மை மட்டும் எல்லாச் சந்தேகத்தையும் துடைத்துவிடும் என்று ரசிகனாக நான் வாதாட மாட்டேன்.

அவருடைய கோபமும் சில முறை தலைகுனிய வைத்தது. 2016இல் பிரவுனோடு மறுமோதலை ஜெயித்த கையோடு எதிரணிப் பயிற்சியாளரை உதைத்தார். 2017இல் சிட்னியில் சக வீரர் கோல்பி கோவிங்டன் மீது பூமராங்கை எறிந்தார். கோவிங்டன் பிரேசில் மக்களை இழிவாகப் பேசியிருந்தார்தான். அதற்காகத் தெருவில் பொருளை எறிவது சரியாகிவிடாது.

ரெனான் ஃபெரேரா சண்டையில் ஜெயித்தது யார்?

யாரும் இல்லை என்பது அதிகாரபூர்வ முடிவு. தடை முடிந்து வந்து, 2020 ஜூலையில் அலெக்சாண்டர் குஸ்டாஃப்சனை முதல் சுற்றிலேயே ஆர்ம்பாரில் தட்டவைத்துவிட்டு யூஎஃப்சியிலிருந்து விடைபெற்றார். 2021 மே மாதம் பிஎஃப்எல் என்ற வேறொரு எம்எம்ஏ அமைப்பின் போட்டியில் ஃபெரேராவை ட்ரையாங்கிளில் பூட்டினார். ஃபெரேராவின் கை தட்டியது. நடுவர் கவனிக்கவில்லை. எதிராளி தட்டிவிட்டார் என்று வெர்டும் பிடியைத் தளர்த்த, ஃபெரேரா மேலிருந்து குத்தி முடித்துவிட்டார். முதலில் ஃபெரேராவுக்கு வெற்றி என்று அறிவித்தார்கள். காணொளியைப் பார்த்த ஆணையம் முடிவை ரத்து செய்தது.

நடுவர் தொடும்வரை பிடியை விடாதே என்று எல்லாக் கூடங்களிலும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் தட்டியவுடன் விடுவதும் பாயில் ஊறிப்போன மரியாதை. 43 வயதில், அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மரியாதைதான் அவர் கையைத் தளர்த்தியது என்று நினைக்கிறேன்.

எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஹெவிவெயிட் அவரா?

இல்லை என்பேன். பட்டத்தை ஒருமுறைகூடத் தக்கவைக்காதவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது கடினம். டோஸ் சாண்டோஸ், மியோசிச், வோல்கோவ் மூவரும் அவரைக் குத்திச் சாய்த்திருக்கிறார்கள். ஆனால் சிறந்த ஹெவிவெயிட் கிராப்ளர் யார் என்று கேட்டால் தயங்காமல் அவர் பெயரைச் சொல்வேன்.

புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் ஃபெடோர் சண்டையைத்தான் முதலில் காட்டுவார்கள். அதற்கு முன் 2011 ஓவரீம் சண்டையைப் பாருங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் நெல்சன், பிரவுன் முதல் மோதல், கடைசியில் வெலாஸ்கேஸ். அதில் இரண்டாம் சுற்றின் கடைசி இரண்டு நிமிடத்தைத் தள்ளிவிடாமல் பாருங்கள். வெலாஸ்கேஸின் கால்கள் கனப்பதும், வெர்டும் ஒவ்வொரு நேர்க்குத்துக்கும் பிறகு அரை அடி முன்னே வருவதும் தெரியும். கில்லட்டின் விழுவதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது.